பிடித்ததை விடாமல் தொண்டூழியம் செய்வது எப்படி

முதலில் ஒன்று: பிடித்த எல்லாவற்றையும் தொண்டாக மாற்றாதீர்கள். வீணை வாசிப்பவரா? யாருக்கும் வாசித்துக் காட்டத் தேவையில்லாத நேரம் கொஞ்சம் உங்களுக்கென்று இருக்கட்டும், அதற்குப் போய்க் குற்ற உணர்ச்சி எதற்கு?

அப்புறம், அந்தப் பொழுதுபோக்கில் எந்தப் பகுதி அலுக்காது என்று பாருங்கள். செடி வளர்ப்பவர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தாழ்வாரத்துத் தொட்டிகளோடு நின்றுவிட வேண்டியதில்லை, சிங்கப்பூரின் தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தில் உங்கள் புளோக்குக்குப் பக்கத்திலேயே ஒரு தோட்டம் இருக்கலாம், அங்கே மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும் ஆண்ட்டியிடம் "வெண்டை எப்ப போட்டீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், அடுத்த வாரமே தண்ணீர் ஊற்றும் முறை உங்களுடையதாகிவிடும்.

சமையல் பிரியர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கோயில் அன்னதானத்துக்குப் போனால் கைமணத்தைக் காட்ட வாய்ப்பு உடனே கிடைக்காது, பெரும்பாலும் வெங்காயம் உரிக்கத்தான் சொல்வார்கள். அரட்டையோடு உரிப்பது பிடிக்குமென்றால் சரி, இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள்.

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் வேலையை மட்டும் இடையில் விடக்கூடாது, அவர்கள் உங்களை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஷிப்ட் வேலையில் இருப்பவர்களுக்குக் கிவிங்.எஸ்ஜி என்ற தொண்டூழிய இணையத்தளத்தில் ஒருநாள் பணிகள் கிடைக்கும்.

எதுவானாலும் முதலில் மூன்று மாதத்துக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். அதற்குள் வீணையில் தூசி படிந்திருந்தால், தொண்டு நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டுப் பொறுப்பாளரிடம் நேரடியாகச் சொல்லிவிடுங்கள்.