கோர்தோபாவில் ஒரே நாள்: மெஸ்கீத்தாவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள்

ஸ்பெயினின் கோர்தோபாவுக்கு ஒரு நாள்தான் ஒதுக்க முடிகிறதா? அப்படியானால் காலை 8:30க்கே மெஸ்கீத்தா என்ற பழைய மசூதியின் வாசலில் இருங்கள். திங்கள் முதல் சனி வரை வழக்கமாக 9:30 வரை, குழுவாக வராதவர்களுக்குக் கட்டணம் கிடையாது. விழா நாட்களில் நேரம் மாறும், முந்தின நாளே இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். காசு மிச்சமாவதைவிட அந்த அமைதிதான் பெரிது. கோர்தோபாவை ஆண்ட முதலாம் அப்துர் ரஹ்மான் எட்டாம் நூற்றாண்டில் தொடங்கிய மசூதி இது. 850க்கும் அதிகமான தூண்கள், மேலே சிவப்பும் வெள்ளையுமாக இரட்டை வளைவுகள், நடுவே 16ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கதீட்ரல். உள்ளே போனதும் வேறெங்கும் நிற்காமல் நேராக மிஹ்ராபுக்கு, அதாவது தொழுகைத் திசையைக் காட்டும் மாடத்துக்கு நடங்கள். அதன் பொன் மொசைக்கைக் கூட்டமில்லாமல் பார்க்க வேண்டும்.

அப்புறம் பக்கத்திலேயே பழைய யூதர் தெருக்கள், 1315இல் கட்டிய சின்ன சினகாக் (யூதர் வழிபாட்டு இடம்). இது திங்கட்கிழமை திறந்திருக்காது. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், ஆகவே மதியம் அலையாதீர்கள். தக்காளியும் ரொட்டியும் அரைத்துச் செய்யும் குளிர்ந்த சால்மொரேஹோ சாப்பிட்டு ஓய்வெடுங்கள். ரோமானியப் பாலத்தைப் பொழுது சாயும்போது பார்த்துக்கொள்ளலாம்.