மஞ்சள் கரிசலாங்கண்ணி: நர்சரியிலேயே தொடங்கும் தவறு

மாடித்தோட்டத்துக்குப் புதிதாக வருபவர்கள் மஞ்சள் கரிசலாங்கண்ணியில் செய்யும் தவறுகள் வருடம் மாறினாலும் மாறுவதில்லை. எல்லாம் ஒரு காலத்தில் நாங்களும் செய்தவைதான். தண்ணீர் ஊற்ற மறப்பது, தொட்டிக்கு ஓட்டை போடாதது இதையெல்லாம் விட்டுவிடலாம். செடி வாடினாலே தெரிந்துவிடும். வாடாமல் செழித்து வளர்ந்துகொண்டே ஏமாற்றும் தவறு ஒன்று இருக்கிறது.

வேறு செடியை வாங்கி வருவது

"மஞ்சள் கரிசாலை இருக்கா?" என்று கேட்டால் பல நர்சரிகளில் கையில் கொடுப்பது சிங்கப்பூர் டெய்சி. சாலை நடுத்திட்டுகளிலும் அடுக்குமாடி வாசல்களிலும் பச்சைப் பாய் விரித்தாற்போல் படர்ந்திருக்குமே, அதேதான். இரண்டும் தரையில் படரும், கணுவுக்குக் கணு வேர்விடும், மஞ்சளாகப் பூக்கும். போதாதற்குப் பெயரும் குழப்புகிறது. மஞ்சள் கரிசலாங்கண்ணியின் பழைய தாவரவியல் பெயர் வெடேலியா சைனென்சிஸ். அழகுச்செடி வியாபாரத்தில் 'வெடேலியா' என்றால் சிங்கப்பூர் டெய்சி. விற்பவர் பொய் சொல்வதாக நினைக்க வேண்டியதில்லை, அவருக்கே தெரியாது. வாங்கியவர் ஆறு மாதம் அதைப் பொரியல் செய்து சாப்பிடுவதும், கிள்ளிய தண்டை அக்கம்பக்கத்தாருக்குப் பங்கு வைப்பதும்தான் எரிச்சல்.

பூவை வைத்து முடிவு செய்யாதீர்கள். இலையைப் பாருங்கள். நம்முடையதன் இலை ஒடுங்கி நீண்டது: நீளம் 2 முதல் 7 செ.மீ., அகலம் 2 செ.மீ.க்குள். ஓரம் கிட்டத்தட்ட நேராக ஓடும், அங்கங்கே ஒன்றிரண்டு சிறு பல் இருக்கலாம். மினுமினுப்பு கிடையாது, தடவினால் சொரசொரக்கும். சிங்கப்பூர் டெய்சியின் இலை அகலமானது, தடித்தது, பளபளப்பானது. இருபுறமும் ஒவ்வொரு மடல் துருத்தி மூன்று பிரிவாகத் தெரியும். அதன் தாவரவியல் பெயரில் உள்ள 'ட்ரைலோபேட்டா' என்பதற்கே மும்மடல் என்றுதான் பொருள். ஆனால் இளங்கொழுந்திலும் நிழலில் வளர்ந்த தண்டிலும் மடல் சரியாகத் தெரியாமல் போகலாம். அதனால் ஒரே இலையோடு நிறுத்தாமல், முற்றிய இலை நாலைந்தைப் பாருங்கள். தென் சீனாவில் இவை இரண்டும் இயற்கையாகக் கலந்து உருவான கலப்பினமே பதிவாகியிருக்கிறது. எனவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்க்க வேண்டாம்.

மருந்துக்காகத் தேடுபவர்களுக்கு இந்த வித்தியாசம் முக்கியம். வெடெலோலாக்டோன் என்ற வேதிப்பொருளின் அமைப்பை 1956இல் சென்னை மாநிலக் கல்லூரியின் டி.ஆர். கோவிந்தாச்சாரி குழுவினர் வெளியிட்டது இந்த மஞ்சள் கரிசாலையிலிருந்துதான். பெயரும் அதிலிருந்தே வந்தது. சித்த மருத்துவத்தில் பொற்றலைக் கையாந்தகரை எனப்படுவதும் இதுவே. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த டெய்சிக்கு அந்த இடம் இல்லை. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில்தான் அதற்கு இடம்.

ஏற்கெனவே நட்டுவிட்டீர்களா? மேலே அறுத்தால் போகாது. வேரோடு தோண்டி, மண்ணில் சிக்கிய கணுத்துண்டுகளையும் பொறுக்குங்கள். சிமெண்ட் தரையில் பரப்பி, ஒடித்தால் 'படக்'கென்று முறியும் வரை காயவிடுங்கள். பச்சையாக உரக்குழியிலோ வாய்க்கால் கரையிலோ போட்டால் அங்கே போய்த் துளிர்க்கும். ஒரு மாதம் கழித்து அதே இடத்தை மறுபடி பார்க்க வேண்டும்.

வெள்ளைக்கான சோதனையை மஞ்சளில் செய்வது

வெள்ளைக் கரிசலாங்கண்ணியைக் கசக்கினால் சாறு கறுக்கும். அது வேறு பேரினம். நம் ஊரில் பெரும்பாலும் ஒருபருவச் செடி. மஞ்சளை அடையாளம் காண அந்தச் சோதனையை நம்ப வேண்டாம்.

விதைக்குக் காத்திருப்பது

தேவையில்லை. தண்டு போதும்.

தண்டைக் குச்சி போல் செங்குத்தாகக் குத்துவது

10–15 செ.மீ. நீளத்தில், மூன்று நான்கு கணு உள்ள தண்டை எடுங்கள். அடி இலைகளைக் கிள்ளிவிட்டுச் சாய்வாகப் படுக்கவைத்து, இரண்டு கணுவாவது மண்ணில் புதையும்படி அழுத்துங்கள். வேர் வருவது கணுவில்தான்; மண்ணைத் தொடாத கணு சும்மா கிடக்கும். ஈரம் குறையாமல் இருந்தால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் பிடித்துக்கொள்ளும்.

ஆழமான தொட்டி

வீண். படரும் செடிக்குத் தேவை அகலம். 20 செ.மீ. ஆழமுள்ள அகலத் தட்டோ பழைய டப்போ போதும். மண்ணில் மூன்றில் ஒரு பங்கு மட்கிய தொழுவுரம் சேருங்கள், தண்டுக்குத் தண்டு ஒரு அடி இடைவெளி விடுங்கள். வயல் வரப்பிலும் நீரோரத்திலும் வளர்வது என்பதால் ஈரம் இதற்குப் பிடிக்கும். மொட்டை மாடியின் சித்திரை வெயில்தான் ஆகாது. அப்போது மதியத்துக்கு மேல் நிழல் விழும் இடத்துக்கு நகர்த்துங்கள்.

சாக்கடை ஓரத்தில் பறிப்பது

நாற்றுக்குக்கூட வேண்டாம்.

வேரோடு பிடுங்கி அறுவடை

கத்தரிக்கோல் எடுங்கள். அடியில் இரண்டு கணு விட்டு நறுக்கினால் அங்கிருந்தே கிளைக்கும். நடுப்பகுதி கட்டைத்தட்டி இலை சிறுத்துப்போனால் உரம் கொட்டிப் பயனில்லை. நுனித்தண்டை வெட்டிப் புதிதாக நடுங்கள், பழையதைக் களைந்துவிடுங்கள்.