திட்டக் கணக்கும் தூங்கும் கோப்பும்

பல்கலைக்கழக ஆராய்ச்சித் திட்டப் பிரிவில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். ஒரு வருடம், மானியம் எப்படிச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் தாமதமாகி, பேராசிரியர் ஒருவருக்கு இரண்டாம் தவணை நின்றுவிட்டது. அவரிடம் இருந்த ஆய்வு மாணவர் ஐந்து மாதம் உதவித்தொகை இல்லாமல் தவித்தார். அதன் பிறகே வேலைமுறையை மாற்றினேன்.

ஒப்புதல் ஆணை வந்த அன்றே உபகரணம், நுகர்பொருள், பயணம், ஆள்செலவு என்று தலைப்புவாரியாகப் பதிவேட்டில் பக்கம் திறந்துவிடுங்கள். பணம் கொடுக்கும் நாளிலேயே பில் அதில் ஏற வேண்டும். மார்ச் 31 கழிந்த பிறகு பில் கட்டுகளைப் பிரித்துத் தேடுவது தண்டனை, அனுபவித்திருக்கிறேன்.

பயன்பாட்டுச் சான்றிதழுக்கான ஜிஎஃப்ஆர் (பொது நிதி விதிகள்) 12-ஏ படிவத்தில் பலரும் தடுமாறுவது செலவுக் கணக்கில் அல்ல, வட்டியில். 2017 பொது நிதி விதிகளின்படி, மானியப் பணம் ஈட்டிய வட்டியை அரசுக்குத் திருப்பிச் செலுத்த வேண்டும். ஆகவே வட்டிக்குத் தனிப் பத்தி வையுங்கள்.

கோப்பின் மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: வந்த தேதி, போன தேதி, கையொப்பம். யாரையும் கடிந்துகொள்ளத் தேவையில்லை, சீட்டே சொல்லிவிடும். எங்கள் பிரிவில் கோப்புகள் அதிக நாள் தூங்கியது என் மேசையில்தான் என்று அது காட்டியது. இப்போது செவ்வாய், வெள்ளி காலைகளைக் கையெழுத்துக்கென்றே ஒதுக்கியிருக்கிறேன்.