வரப்பு பச்சையாக இருந்தால் திட்டம் வென்றதா? கண்காணிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்ணைக்குட்டை, வரப்போர மரக்கன்று, களைக்கொல்லி படாத வரப்பு என்று விளைநிலத்தைக் காக்கும் வேலைகள் மதுரைச் சுற்றுவட்டாரத்தில் நடக்கின்றன. அவற்றால் செடிகொடிக்கும் பறவைக்கும் என்ன ஆனது என்று பார்க்கப் போகிறவர்கள் முதலில் கோட்டை விடுவது மாதத்தில்தான்.

திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மானாவாரி பங்குனியில் வெடித்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அதே நிலத்தில் செடி மண்டிவிடும். முன்னே பங்குனிப் படம், பின்னே கார்த்திகைப் படம் என்று வைத்தால், மழை செய்த வேலையைத் திட்டத்தின் கணக்கில் எழுதுகிறோம். சரி, ஒரே மாதத்தில் பார்த்தால் போதுமா? போதாது. போன வருஷம் மழை பொய்த்து இந்த வருஷம் கொட்டித் தீர்த்திருக்கலாம்.

அதனால்தான் திட்டத்தில் சேராத நிலத்தையும் கூடவே பார்க்க வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். இது இல்லாமல் மற்ற எந்தக் கணக்கும் நிற்காது என்பது என் உறுதியான எண்ணம். ஜோடி சரியாக அமைய வேண்டும். மேலூரில் பெரியாறு கால்வாய்த் தண்ணீர் பாயும் நெல் வயலுக்கு உசிலம்பட்டி மானாவாரி ஜோடி ஆகாது. அதே மண், அதே தண்ணீர், அதே பயிர் உள்ள பக்கத்து வயல் வேண்டும். ரோட்டோரமாக, அக்கறையான விவசாயி வைத்திருக்கும் வயலை மட்டும் தேர்ந்தெடுப்பதும் தப்பு. அவர் நிலம் திட்டம் வருவதற்கு முன்பே நன்றாகத்தான் இருந்திருக்கும்.

வரப்பில் ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை வைத்து அருகு, கோரை, தும்பை, கீழாநெல்லி, பார்த்தீனியம் என்று தனித்தனியாக எண்ணுகிறோம். நடவுக்கு முன் வரப்பு வெட்டி, சேறு பூசி அண்டை கட்டுவார்கள். வெட்டிய மறுவாரம் போனால் வெறும் சேறுதான். எப்போது வெட்டினார்கள், மருந்து அடித்தார்களா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம், இடத்தைக் குறிக்கச் செல்போன் ஜிபிஎஸ் மட்டும் போதாது. அது சில மீட்டர் தள்ளிக் காட்டினாலே அடுத்தவர் வயலில் நிற்பீர்கள். கல் நட்டுப் பெயிண்ட் அடியுங்கள்.

செயற்கைக்கோள் படத்தையே நம்பி உட்காருவது இன்னொரு தவறு. இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர். ஒரு மீட்டர் வரப்பு அதில் கரைந்துபோகும். கோடையிலும் பசுமை மாறாத சீமைக்கருவேலம் பரவினால், அந்தப் படம் அதை முன்னேற்றம் போலவே காட்டும்.

மரக்கன்று எண்ணிக்கையும் அப்படித்தான். விளைநிலத்தில் மரம் வளர்க்கும் தமிழக அரசின் நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் கொடுத்த கன்றுகளில் எத்தனை பிழைத்தன என்பது ஊக்கத்தொகைக்குத் தேவையான கணக்கு. அதை வைத்து வாழிடம் பெருகியது என்று எழுத முடியாது. ஆட்காட்டிப் பறவை கோடையில் வெட்டவெளித் தரையில் சரளைக்கல் நடுவே முட்டையிடும். வானம்பாடிக்கும் திறந்த நிலம் வேண்டும். அங்கே மரம் அடர்ந்தால் குயில் வரலாம், ஆட்காட்டி போய்விடும். மொத்தப் பறவை எண்ணிக்கையில் இந்த இழப்பு தெரியாது. அதனால் இனவாரியாக எழுதுங்கள்; கன்றுக்குக் குழி எடுக்கும் முன்பே ஒரு கோடை முழுக்கத் தரைக்கூடுகளைத் தேடிக் குறித்துவையுங்கள்.