மலையில சோலார் போடுறீங்களா, பனியையும் கணக்குல சேருங்க

ஊட்டி சுத்துவட்டாரத்துல புதுசா சோலார் வேலைக்கு வர்ற பசங்க இப்போ நிறைய. மூணு கிலோவாட்டுக்கு 78,000 ரூபா மானியம்னு ஆனதுக்கப்புறம் கேக்கவே வேணாம். ஏணியக் கட்டிப் போடு, பிளஸ் மைனஸ மாத்திடாதன்னு எல்லாம் நான் சொல்லப் போறதில்ல, அது தெரியாதவங்க கூரை மேல ஏறவே கூடாது. நாங்க ஆரம்பத்துல சொதப்பின அதே இடத்துல இவங்களும் வரிசையா வந்து விழுறாங்க பாருங்க, அதான் கடுப்பு.

150 வோல்ட் கன்ட்ரோலர்ல 144 வோல்ட் மாட்டுறது

இது ஒண்ணுக்காகத்தான் எழுதவே உக்காந்தேன். பேனல் முதுகுல இருக்குற ஸ்டிக்கர்ல ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் (எதையும் ஓட்டாம சும்மா இருக்கும்போது பேனல் தர்ற வோல்டேஜ்) 48னு போட்டிருக்கும், மூணு பேனல சீரிஸ்ல போட்டா 144, பேனல்லேருந்து பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற கன்ட்ரோலரோட லிமிட் 150, இன்னும் ஆறு வோல்ட் மிச்சம் இருக்கேன்னு மாட்டிட்டுப் போயிடுறாங்க. அந்த 48 செல் 25 டிகிரில இருக்கும்போது எடுத்த நம்பர்ங்கிறத யாரும் படிக்கிறதில்ல. சூடு ஏறினா வோல்டேஜ் இறங்கும், குளிர்ந்தா ஏறும். டிகிரிக்கு 0.28 சதவீதம்னு வைங்க, பேனலுக்குப் பேனல் கொஞ்சம் மாறும், டேட்டாஷீட்ல இருக்கும். 0 டிகிரிக்குப் போனா 7 சதவீதம் கூடும், உங்க 144 இப்போ 154. கன்ட்ரோலர் காலி.

தலைகுந்தா பக்கம் ஒரு வீட்டுல இப்படித்தான் மே மாசம், மலர்க் கண்காட்சி நேரத்துல போட்டிருக்காங்க. டிசம்பர் வரைக்கும் ஒரு குறையும் இல்ல. ஜனவரில ஒரு நாள் ராத்திரி உறைபனி, காலையில பேனல் மேல வெள்ளையா படிஞ்சு கிடந்தத வீட்டுக்காரரே துணியால துடைச்சு விட்டிருக்காரு, வெயில் நேரா விழுந்ததும் உள்ள டப்புனு சத்தம். கன்ட்ரோலரத் திறந்து பாத்தா மாஸ்ஃபெட்ங்கிற ஸ்விட்ச் பார்ட் ரெண்டு வெடிச்சு, போர்டு கறுத்து, ஒரே கருகல் நாத்தம். காலை இளவெயிலுக்கு ஆம்பியர்தான் கம்மி, வோல்டேஜ் கிட்டத்தட்ட முழுசா வந்துடும், பேனல் வேற ஜில்லுனு இருக்கும்.

போட்ட தம்பியக் கேட்டா "மல்டிமீட்டர் வெச்சுப் பாத்தேண்ணே, 134 தான் காட்டுச்சு"ங்கிறான். மே மாச மத்தியான வெயில்ல பேனல் 50 டிகிரில கொதிக்கும்போது 134 தாண்டா காட்டும்! சரி, அதோட விட்டானா? பீஸ் மட்டம்னு சொல்லி அதே மாடல்ல இன்னொண்ணு வாங்கிட்டு வந்து அதே மூணு பேனல அதே சீரிஸ்ல மாட்டினான், அடுத்த பனிக்கு அதுவும் போச்சு. வாரண்டிக்கும் வழியில்ல, நிறைய கன்ட்ரோலர் வந்த அதிகபட்ச வோல்டேஜ பதிஞ்சு வெச்சுக்கும், 150 தாண்டினது தெரிஞ்சா அப்படியே திருப்பி அனுப்பிடுவாங்க.

உங்க ஏரியாவுல பனிக்குத் தேயிலை கருகுமா? அப்போ 0 டிகிரி, பள்ளத்துல இருக்குற வீடுன்னா மைனஸ் ரெண்டு மூணுன்னே வெச்சுக் கணக்குப் போடுங்க. கூடலூர்ல அவ்வளவு பயம் வேணாம், ஆனா அங்கயும் 10 டிகிரிக்காவது பாருங்க. 24 வோல்ட் பேட்டரின்னா மூணு பேனலயும் பேரலல்ல போடுங்க, வோல்டேஜ் ஏறாது, ஆம்பியர்தான் ஏறும், அதனால ஒயர தடிமனா இழுங்க. 48 வோல்ட்னா ஒத்தப் பேனல் வோல்டேஜ் பத்தாது, நாலு பேனலா வாங்கி ரெண்டு ரெண்டா சீரிஸ் போடுங்க, இல்ல 250 வோல்ட் கன்ட்ரோலருக்குப் போங்க.

மே மாசம் நிழல் பாக்குறது

ஏப்ரல் கடைசிலேருந்து ஆகஸ்ட் பாதி வரைக்கும் மத்தியான சூரியன் நமக்கு வடக்க இருக்கும். அப்போ பாத்துட்டு நிழலே இல்லைன்னு சொல்லிடுறாங்க. டிசம்பர்ல சூரியன் தெக்க இறங்கி 55 டிகிரி உயரத்துலதான் நிக்கும், தெக்கால இருக்குற 50 அடி சில்வர் ஓக்கு உச்சி வெயில்லயே 35 அடிக்கு நிழல் விடும், காலையில சாயங்காலம் இன்னும் நீளம். மரத்த வெட்டிடலாம்னு கிளம்பாதீங்க, மலையில மரத்துக்குன்னு 1955லயே சட்டம் போட்டிருக்கு, அனுமதி விஷயத்த விசாரிச்சுட்டுக் கை வைங்க.

கரண்ட் போனா ஆன்கிரிட்டும் நிக்கும்

ஆன்கிரிட்னா பேட்டரி இல்லாம ஈபி லைனோட சேந்து ஓடுற சோலார், லைன்ல கரண்ட் போனா அதுவும் நிக்கும்னு வீட்டுக்காரங்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க. பேட்டரி இல்லாம மழைக்காலத்துல திட்டு வாங்கினவங்க நிறைய.

டிசி பக்கம் ஏசி எம்சிபி

பேனல்லேருந்து வர்றது டிசி, அந்தப் பக்கம் வீட்டு ஏசி லைனுக்கான எம்சிபி (தானா ட்ரிப் ஆகுற ஸ்விட்ச்) போடக் கூடாது. ஏசி செகண்டுக்கு 100 தடவை பூஜ்யத்தத் தொடும், ஸ்விட்ச் பிரியும்போது வர்ற தீப்பொறி (ஆர்க்) அணைஞ்சுடும். டிசில அணையாது, எம்சிபிக்குள்ளயே நின்னு எரியும்.

லித்தியம் பேட்டரிய வெளிய வைக்கிறது

0 டிகிரிக்குக் கீழ சார்ஜ் ஏத்தக் கூடாது. வீட்டுக்குள்ள வைங்க.

பாசியும் குரங்கும்

மழ முடிஞ்சா பேனலோட கீழ் விளிம்புல ஃபிரேம ஒட்டி தண்ணி தேங்கி பச்சையா பாசி புடிச்சிருக்கும். ஒரு விரல் அகலந்தானேன்னு விடாதீங்க, அடி வரிசை செல்ல மறைச்சா அந்தப் பேனலே படுத்துடும். பிளேடு, கம்பி நாரெல்லாம் வேணாம், வெயில் ஏறுறதுக்கு முன்ன சாஃப்ட் பிரஷ்ஷும் வெறும் தண்ணியும் போதும். கீழ தொங்குற ஒயரயும் அப்பவே பாருங்க, குரங்கு இழுத்து எம்சி4 கனெக்டர் பாதி கழண்டு நிக்கும். அத அப்படியே கையால அமுக்காதீங்க, முதல்ல பேனல் லைனத் துண்டிக்கிற ஐசோலேட்டர் ஸ்விட்ச ஆஃப் பண்ணுங்க. ஒயர பைப்புக்குள்ள விட்டு கிளாம்ப் அடிச்சிருந்தா இந்த வேலையே இல்ல, ஆனா கொட்டேஷன்ல முதல்ல வெட்டுறது அந்த பைப் காசத்தான்.