படகுச் சவாரியில் குப்பை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாயில் கயாக் ஓட்ட வந்த கல்லூரிப் பிள்ளைகளைப் பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் கவர்கூடத் தண்ணீரில் விழவில்லை. எல்லாவற்றையும் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் மிஞ்சிய எலுமிச்சைச் சாதத்தை இலையோடு நடுக்கண்மாயில் கவிழ்த்தார்கள். "மக்குற குப்பைதானண்ணே, மீனு தின்னுரும்" என்றான் ஒருவன். இருபது வருடத்துக்கு முன்னால் நானும் அதையேதான் சொன்னேன்.

பிளாஸ்டிக்கைப் போடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் செய்கிறவற்றைச் சொல்கிறேன்.

மக்கும் என்று நம்பிச் சோற்றைக் கொட்டுவது

ஒரு சித்திரையில் குலதெய்வம் கோயிலில் கிடாவெட்டு. கோயிலுக்குப் பின்னால் சின்னக் கண்மாய், வெயிலில் சுண்டி இடுப்பளவுத் தண்ணீர்தான். பரிசலில் பிள்ளைகளைச் சுற்றிக் காட்டிவிட்டு, பந்தியில் மிஞ்சிய இரண்டு அண்டா சோறு, குழம்பு, எலும்பு, எச்சில் இலை எல்லாவற்றையும் ஏற்றிப்போய் நடுவில் கொட்டினேன். மீனுக்கு விருந்து வைத்ததாகவே நினைத்தேன். மூன்றாம் நாள் விடியற்காலை கட்லாவும் ரோகுவும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வெயில் ஏறுவதற்குள் வயிறு மேலாக மிதந்தன. மீன்பாசி குத்தகை எடுத்தவர் கடன் வாங்கிக் குஞ்சு விட்டிருந்தார். ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்து, நான் 18,000 ரூபாய் கொடுத்தேன். பணம் போனது ஆறிவிட்டது. அந்த மனிதர் செத்த மீனைக் கோணிப்பையில் அள்ளியது இன்னும் ஆறவில்லை.

நடந்தது இதுதான். சோறு அழுகும்போது நுண்ணுயிர்கள் பெருகித் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் தங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். நம் ஊர்க் கோடையில் இருப்பே குறைவு. இரவில் பாசியும் ஆக்சிஜன் தராது, தானும் சுவாசிக்கும். அதனால்தான் மீன் விடியும் நேரத்தில் சாகிறது. மக்குவதற்கு மண்ணில் காற்றும் இடமும் உண்டு. தேங்கிய தண்ணீரில் அந்தக் காற்று மீன் சுவாசிக்கிற பங்கிலிருந்துதான் வர வேண்டும்.

1645இல் திருமலை நாயக்கர் வெட்டிய மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தையே பாருங்கள். பனையூர்க் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் வந்து நிரம்பும், வந்த தண்ணீர் ஆறு போல ஓடாமல் அங்கேயே நிற்கும். ஆளுக்கு ஒரு பாக்கெட் பொரியை மீனுக்குப் போட்டாலும், விடுமுறை நாள் கூட்டத்துக்குக் கணக்குப் போடுங்கள்.

மிச்சச் சோற்றைக் கரைக்குக் கொண்டுவந்து மாட்டுக் கழனித் தொட்டியில் ஊற்றலாம். எலும்பைக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும்.

குப்பைப் பையைக் காலடியில் போட்டு வைப்பது

ஒரு காற்று போதும், பை தண்ணீருக்குப் போய்விடும். மூடியுள்ள பழைய பெயிண்ட் வாளி ஒன்றைப் பலகையோடு கட்டிவிடுங்கள். நான் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

தூண்டில் நரம்பு

சிக்குப் பிடித்தால் அறுத்து விட்டுவிடுகிறோம். அந்தத் தங்கூசி, அதாவது நைலான் நரம்பு, மக்காது. முக்குளிக்கும் நீர்க்காகத்தின் காலிலும் அலகிலும் சுற்றி, அதைப் பட்டினி போட்டே கொல்லும். நேரமானாலும் அறுந்த நரம்பை இழுத்துச் சுருட்டி எடுத்து வாருங்கள்.

மோட்டார் படகில் எண்ணெய்

பெட்ரோலைக் கரையில் வைத்து ஊற்றுங்கள். படகின் அடியில் தேங்கிய எண்ணெய்த் தண்ணீரில் சோப்புத்தூள் போட்டு இறைக்கிறார்கள். அது எண்ணெயைக் கண்ணுக்கு மறைக்குமே தவிர நீக்காது. பழந்துணியால் ஒற்றி எடுங்கள்.

சோப்பு போட்டுக் குளிப்பது

வேண்டாம்.

டயபர்

வாளிக்குள். அப்புறம் வீட்டுக்கு.

அவசரத்துக்குத் தண்ணீரிலேயே போவது

ஏறுமுன் போய்விட்டு வாருங்கள். வைகை அணையில் தேங்கும் தண்ணீரையும் மதுரை குடிக்கிறது.