இணைய வேகம் குறைந்தால் முதலில் கேபிளில் அளந்து பாருங்கள்

கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் வீட்டிலிருந்தபடியே பெங்களூரு அலுவலகங்களுக்கு வேலை செய்வோர் பலர். காணொலிக் கூட்டத்தின் நடுவில் குரல் விட்டுவிட்டுக் கேட்டால் அவர்கள் உடனே இணைப்பு கொடுத்தவரைத்தான் அழைக்கிறார்கள். அதற்கு முன், தடங்கல் வெளியிலிருந்து வரும் லைனிலா, வீட்டுக்குள் பரவும் வைஃபையிலா என்பதைப் பிரித்தறிந்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

மடிக்கணினியை லேன் கேபிளால் ரவுட்டரோடு நேரடியாக இணைத்து, அதன் வைஃபையை அணைத்துவிட்டு, வீட்டில் வேறு யாரும் இணையத்தைப் பயன்படுத்தாத நேரத்தில் வேகத்தை அளக்க வேண்டும். படுக்கையறையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு அளந்தால் இரண்டு கோளாறுகளும் ஒன்றாகக் கலந்துவிடும். அந்த எண்ணால் பயனில்லை. பிளானில் சொல்லப்படும் 100 எம்பிபிஎஸ் என்பது மெகாபிட் கணக்கு. கோப்பு இறங்கும்போது திரையில் தெரிவது பெரும்பாலும் மெகாபைட் கணக்கு (8 பிட் சேர்ந்தது ஒரு பைட்) என்பதால், அங்கே நொடிக்கு 12 வந்தாலே இணைப்பு சரியாக இருக்கிறது என்று பொருள்.

கேபிளில் முழு வேகம் வந்தால் குறை வைஃபையில்தான். நம் பகுதியின் பழைய வீடுகளில் கல் சுவர்கள் தடிமனானவை. அவற்றைக் கடக்கும்போது அலை வெகுவாக வலுவிழக்கிறது. ஃபைபர் (ஒளி வழியாக இணையம் கொண்டுவரும் மெல்லிய இழை) எந்த ஜன்னல் வழியாக வந்ததோ அதன் ஓரத்திலேயே, பெரும்பாலும் டிவி அலமாரிக்குப் பின்னால், ரவுட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதை வீட்டின் நடுப்பகுதிக்கு, ஆள் உயரத்துக்கு, இரும்பு பீரோவும் தண்ணீர்த் தொட்டியும் மறைக்காத இடத்துக்கு மாற்றுவதே செலவு குறைந்த மருந்து. வைஃபை பரவும் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் சோடை, 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் அக்கம்பக்கத்து ரவுட்டர்களோடு முட்டிக்கொள்ளும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் (பல ரவுட்டர்களில் பிரவுசரில் 192.168.1.1 என்று தட்டினால் வரும்) இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்து, 2.4க்கு 1, 6, 11 ஆகிய சேனல்களில் நெரிசல் குறைந்த ஒன்றைத் தேர்ந்து, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக வைத்துவிடுங்கள். மாடிக்கு எட்டவில்லையென்றால் மலிவான ரிப்பீட்டரை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். லேன் கேபிள் இழுத்து இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்டாக (கேபிளில் வரும் இணையத்தை அங்கே வைஃபையாகப் பரப்பும் கருவியாக) வைப்பது நல்லது.

கேபிளிலும் வேகம் குறைவாக இருந்தால் அந்த எண்ணைக் கவனியுங்கள். 200 எம்பிபிஎஸ் பிளானில் எப்போது அளந்தாலும் 94, 95 என்றே நின்றால் லைனில் குறையில்லை. ரவுட்டரில் கேபிளைச் செருகும் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகையாக இருக்கும், அல்லது கேபிளில் ஒரு ஜோடிக் கம்பி அறுந்திருக்கும். ஜிகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். இரண்டு ஜோடிகளோடு 100க்கு இறங்கிவிடும். மாதக் கடைசியில் மட்டும் மந்தமானால் டேட்டா வரம்பு முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். இரவு 8 மணிக்கு மேல் மட்டும் சரிந்தால் அது வெளி நெரிசல்; வீட்டில் செய்ய ஒன்றுமில்லை.

ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வந்து சேரவே இல்லை. விளக்கு சரியாக இருந்தும் இணைப்பு விட்டுவிட்டு வந்தால், அமைப்புப் பக்கத்தில் பெறப்படும் ஒளியின் அளவைப் பாருங்கள்: அது மைனஸ் 27 டிபிஎம்முக்கு (ஒளியின் வலுவை அளக்கும் அலகு) கீழே, அதாவது மைனஸ் 28, 29 என்று போனால் வலு போதாது. கதவிடுக்கில் நசுங்கியோ ஆணியில் இறுக வளைந்தோ கிடக்கும் ஃபைபரே பலமுறை காரணம். வளைவைத் தளர்த்தலாம், முனையைக் கழற்றித் தொடவோ, உள்ளே கண்வைத்துப் பார்க்கவோ வேண்டாம்.

இதற்குப் பிறகு இணைப்பு கொடுத்தவரை அழைக்கும்போது, அளந்த நேரம், கேபிளில் வந்த வேகம், ஒளியின் அளவு ஆகியவற்றைச் சொல்லிப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ‘ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்’ என்ற பதிலோடு அவர்கள் முடித்துவிட முடியாது.